பறை உண்டு, நிலம் இல்லை: தமிழ்நாட்டின் நிலப்பகுதிகளும் சேரியின் வரலாறும்



நம் மன்றத்தின் மூத்த தோழர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இப்பொழிவுக்கு இம்முறை நிலவியலைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இலக்கிய மன்றத்துக்கும் நிலவியலுக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். தோழரை அறிந்தவர்கள் கேட்கவில்லை. அவர் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தியவர். கரும்பலகை மேல் தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி மலை, பீடபூமி, சமவெளி, கடற்கரை என்று குச்சியால் காட்டி முடித்ததும், மாணவர்களிடம் திரும்பி, "எல்லாம் சரி, இதில் உங்கள் தெரு எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். நம்மில் சிலர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் கேள்விக்கு அப்போது எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஊர் எங்கே என்று காட்டத் தெரிந்தது. சேரி எங்கே என்று காட்ட அந்தப் படத்தில் புள்ளி இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துப் பேசப்போகிறோம்.

பாடப்புத்தகம் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. 1,30,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்புள்ள இந்த மாநிலம் மேற்கே மலைத்தொடரில் தொடங்கிக் கிழக்கே கடலில் முடிகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். வேதாரண்யம் கடல் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வாய் திறந்திருக்கிறது. கிழக்கே சவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லி என்று மலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவத்தில்தான் நாம் பெறுகிறோம். வேளாண்துறை இந்த மாநிலத்தை ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிக மழை பெறும் பகுதி, மலைப்பகுதி. எந்த மண்ணில் என்ன விளையும், எப்போது விதைக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பிரிவினை போதும். யார் விதைப்பது, விளைந்தது யார் வீட்டுக்குப் போகிறது என்பது அதில் வராது.

நிலவியல் வகுப்பிலிருந்து தமிழ் வகுப்புக்குப் போனால் அங்கே ஐந்திணை. தமிழன் நிலத்தை அறிந்து வாழ்ந்த பெருமைக்குச் சான்றாக அது நமக்குச் சொல்லித்தரப்பட்டது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கருப்பொருள் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று வரும் வரிசையில் பறையும் ஒன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாடல் பறையனை நிலத்தின் நான்கு குடிகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அறுவடைக்குப் பறை அடிக்காமல் நெல் அரியப்படாத ஒரு காலம் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? நிலத்தின் அடையாளமாகவே பறை இருந்த இடத்தில், பறை அடித்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று நிலமற்றவர்களாக இருக்கிறார்கள். நடுவில் நடந்தது என்ன? ஐந்திணையைப் பெருமையாகப் பேசும் பட்டிமன்றங்களில் இந்தக் கேள்வி மட்டும் எழுந்து நாம் பார்த்ததில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிலம்தான் சாதியை உண்டாக்கியது என்று நாம் சொல்லவில்லை. ஆறு பாய்ந்த இடத்தில் அடிமைத்தனம், மேட்டு நிலத்தில் சுதந்திரம் என்று சூத்திரம் போட்டால் வரலாறு உடனே அதைப் பொய்யாக்கிவிடும். நாம் சொல்வது வேறு. தண்ணீரும் மண்ணும் வேலையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த வேலையை யார் மேல் சுமத்துவது, எந்தப் பெயரில் சுமத்துவது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு நிலப்பகுதியிலும் தீண்டாமை அந்த மண்ணின் நிறத்தை ஏற்றிருக்கிறது. போராட்டமும் அப்படித்தான். இது தெரியாமல் கீழத்தஞ்சையில் வென்ற ஒரு முழக்கத்தைக் கொங்கில் போய்ச் சொல்லி, ஏன் எடுபடவில்லை என்று குழம்பிய அனுபவம் நம் இயக்கங்களுக்கு உண்டு.

காவிரிப் படுகையிலிருந்து தொடங்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், முதலாம் இராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் விவரம் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி இறுக்காத நிலம் எது என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். வரியில்லா நிலத்தின் பட்டியலில் ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வருகின்றன. சில இடங்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. பறையர் சுடுகாடு தனியாகக் குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு; பிணம் எரிக்கும் இடமும் வேறு. நொபொரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் சோழர் காலத்து ஊரின் அமைப்பை இந்தக் கல்வெட்டுகளைக் கொண்டுதான் விளக்கினார்கள். இதில் நம் கண்ணில் படுவது ஒன்று உண்டு. சேரி அந்தக் கணக்கில் விடுபடவில்லை. அரசனுடைய அளவைக்காரன் அங்கே வந்து அளந்திருக்கிறான், எழுதியிருக்கிறான். வரைபடத்தில் நம்மைக் காணோம் என்பது பள்ளிப் படத்துக்குப் பொருந்தும். வரிக் கணக்குக்குப் பொருந்தாது. அதிகாரத்துக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது.

நெல் ஒரு வினோதமான பயிர். நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு என்று குறித்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான கைகளைக் கேட்கும்; மற்ற நாட்களில் சும்மா விடும். கைகள் அந்த நாளில் கட்டாயம் இருக்க வேண்டும், மற்ற நாளில் அவற்றுக்குச் சோறு போடவும் கூடாது. இந்தக் கணக்குக்கு மிராசுதார் கண்ட விடைதான் பண்ணையாள். குடியிருக்கும் மனைக்கட்டு மிராசுதாருடையது, கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மிராசுதாருடையது, ஆகவே ஆளும் மிராசுதாருடையவன். 1843இல் கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று அறிவித்தது. படுகையில் அந்தச் சட்டத்தை யாரும் கேள்விப்பட்ட மாதிரியே தெரியவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் அதற்குப் பின் நூறு ஆண்டுகள் நீடித்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் புறப்பட்டபோது ஆள் ஓடிப்போகிறான் என்று மிராசுதார்கள் புலம்பினார்கள். தப்பிக்கும் வழி கடல்தான் என்று படுகையின் பண்ணையாளுக்குத் தெரிந்திருந்தது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீர் உறுதியானது, குறுவையும் தாளடியும் விரிந்தன, வேலையும் கூடியது. கூலி கூடவில்லை. நாற்பதுகளில் பி. சீனிவாசராவ் கன்னடத்திலிருந்து வந்து, சேரிகளில் தங்கி, செங்கொடியின் கீழ் விவசாயத் தொழிலாளரைத் திரட்டியது இந்தப் பின்னணியில்தான். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நீக்கக்கூடாது என்றது சட்டம். மிராசுதார்கள் பலர் செய்தது எளிமையானது: பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டு அவர்களைத் தினக்கூலிகளாக்கினார்கள். பாதுகாப்பு பண்ணையாளுக்குத்தானே, கூலியாளுக்கு இல்லையே! சட்டத்தின் வாசகத்தை விடவும் சட்டத்தின் ஓட்டையை நில உடைமையாளர்கள் விரைவில் படித்துவிடுகிறார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைத்து எரிக்கப்பட்ட 44 பேர் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. செங்கொடியை இறக்க மறுத்தார்கள் என்பதும் சேர்ந்தது. இது வர்க்கப் படுகொலையா, சாதிப் படுகொலையா என்று அரை நூற்றாண்டாக வாதம் நடக்கிறது. நிலவியலின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதத்தில் பாதி கரைந்துவிடுகிறது. எரிக்கப்பட்ட குடிசை சேரியில் இருந்தது. சேரி மிராசுதார் மண்ணில் இருந்தது. கூலியாகவும் தீண்டத்தகாதவராகவும் ஒரே இடத்தில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. 1971இல் குடியிருப்பு மனைகளை அங்கு வாழ்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்ததை, வெண்மணியின் சாம்பலிலிருந்து வந்த சட்டம் என்றே நாம் படிக்க வேண்டும். பெரிய நில விநியோகத்தை விட, காலடி மண் சொந்தமானது படுகையின் சேரி மனிதரை நிமிரவைத்தது. "இனி வீட்டைக் காலி பண்ணச் சொல்ல முடியாது" என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இனி வடக்கே செல்வோம். செங்கல்பட்டு, காஞ்சி, ஆர்க்காடு. இங்கே பெரிய ஆறு இல்லை. பாலாறு இருக்கிறது, அதில் மணல் இருந்தது, இப்போது மணலும் குறைவு. இது ஏரிகளின் நாடு. ஏரி இருந்தால் ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, தரிசு என்று பயிரிடாத நிலம் நிறைய இருக்கும். படுகையில் வெற்று நிலமே கிடையாது, இங்கே உண்டு. ஆகவே போராட்டம் இங்கே கூலிக்காக அல்லாமல் தரிசுக்காக எழுந்தது. தரிசை உழுகிறோம், பட்டா கொடுங்கள் என்று பறையர் மனு கொடுத்தால், அந்தத் தரிசின் மேலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்று மனு தள்ளுபடி ஆகும். மனு கொடுத்தவன் குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது என்பதால் அடுத்த நாள் அவனுக்கு வீடும் இருக்காது. செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்கள் இதை எழுதினார்கள். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர் பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அளித்தார். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லும் பஞ்சமி நிலம் இந்த வழியாக வந்ததுதான்.

வெள்ளைக்காரன் போட்ட பிச்சை என்று இதைச் சொல்பவர்களை நாம் பார்க்கிறோம். அதே ஆண்டுகளைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். 1891இல் நீலகிரியில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்குகிறார். அவர் பிறந்ததும் செங்கல்பட்டு மண்ணில்தான். தலித் அரசியலின் முதல் குரல்கள் ஏன் வடக்கிலிருந்து எழுந்தன? கிராமத்தை விட்டு நடந்து போகக்கூடிய தூரத்தில் வேறொரு உலகம் இருந்தது என்பதே நம் விடை. சென்னைத் துறைமுகம், ரயில்வே, பட்டாளம், வெள்ளையர் வீட்டுச் சமையலறை, கோலார் தங்கவயல். வடஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போனவர்கள் பூமிக்கு அடியில் செத்தார்கள், நுரையீரல் கல்லாகிச் செத்தார்கள். ஆனால் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கையில் வாங்கினார்கள். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கட்டியது அந்தச் சம்பளம். 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்குத் தங்கவயலில் அத்தனை வாசகர்கள் இருந்ததற்கும் அதுவே காரணம்.

பஞ்சமி நிலத்துக்கு நிபந்தனை உண்டு. 10 ஆண்டுகள் விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கல்யாணச் செலவுக்கும் சாராயக் கடனுக்கும், சில நேரம் வெறும் மிரட்டலுக்கும் அவை கைமாறின. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் பஞ்சமி நில மீட்புக்காக நடந்த ஊர்வலத்தில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். காரணையில் தொடங்கிய போராட்டம் அது. அந்த நிலங்களின் வழியாகப் பின்னாளில் நாற்கரச் சாலைகளும் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் வந்தன. ஏரிக்கரைத் தரிசு சதுர அடிக் கணக்கில் விற்கும் பொருளானது. இப்போது அதை மீட்பது 1994இல் இருந்ததை விடக் கடினம்.

மேற்கே கொங்கு நாடு. இது மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மழை கொஞ்சம்தான் வரும். நொய்யலும் அமராவதியும் ஓரங்களுக்குப் பாயும், மற்றதெல்லாம் கிணறு. ஆழக் கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்துத்தான் சோளமும் பருத்தியும் புகையிலையும் விளைந்தன. கவலைக்கு என்ன வேண்டும்? சாலோடு பூட்டும் தோல் வால் வேண்டும், அதைத் தைக்க ஆள் வேண்டும். மாட்டைத் தோலாக்கவும் தோலைத் தைக்கவும் கவலை ஓட்டவும் அருந்ததியர். படுகையில் ஒரு சேரிக்கு நூறு குடும்பம் இருக்கும். கொங்கில் விவசாயி தோட்டத்துக்குள்ளேயே சாளை போட்டு வாழ்வார். அவருக்கு ஒன்றிரண்டு மாதாரிக் குடும்பங்கள். எண்ணிக்கையில் சிதறிக் கிடந்தவர்கள் எப்படித் திரள்வார்கள்? கொங்கில் தலித் அரசியல் தாமதமாக வந்ததற்கு அருந்ததியரின் அடக்கத்தைக் காரணமாகச் சொல்லும் நம் தோழர்களே உண்டு. அது அநியாயம். தோட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அவர்கள் நடந்து பார்க்கவில்லை.

பைக்காராவிலிருந்து முப்பதுகளில் மின்சாரம் வந்தது. ஆலைகள் ஓடின, பிறகு கிணறுகளில் மோட்டார் ஓடியது. கவலை நின்றது. தோல் வேலை போனது. சாதி போகவில்லை, இரட்டைக் குவளையாகத் தேநீர்க் கடைக்கு வந்து உட்கார்ந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆட்டுப்பட்டியில் விடப்பட்ட சிறுவர்களின் வழியாக இந்த உலகத்தைக் காட்டியது. அதற்கு முன்பே 1979இல் பூமணியின் 'பிறகு' கரிசல் பூமியின் சக்கிலியர் வாழ்வை எழுதியிருந்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம் மன்றத்துக்குள்ளேயே அதை எதிர்த்துக் குரல் எழுந்ததை மறைக்கத் தேவையில்லை. மூத்த தோழர் அன்று சொன்னது: "மேட்டு நிலத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரே மடையில் தண்ணீர் விட்டால் எது முதலில் நிறையும்?"

தெற்கே போனால் கண்மாய். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். வானம் பார்த்த பூமி, கரிசலும் செம்மண்ணும், இன்றைக்குச் சீமைக் கருவேலமும். கண்மாயின் மடையைத் திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுபவரை மடைக்குடும்பன் என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் அழைப்பார்கள். வடக்கே அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். பெரும்பாலும் நம் மக்கள்தான். ஒரு ஊரின் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் நினைவில் இருக்கும். தண்ணீர் பங்கீட்டில் அவர் சொல் எடுபடும். அதே ஊரின் குடிநீர்க் கிணற்றில் அவர் வாளி இறங்காது. இந்த முரணை விளக்க எந்தக் கோட்பாட்டு நூலும் தேவையில்லை.

இங்கே படுகையைப் போல ஒரே மிராசுதாரின் பிடி இல்லை. கொஞ்சம் நிலம் தேவேந்திரர்களிடமும் இருந்தது; மறவர்களிடமும் கொஞ்சம்தான் இருந்தது. ஏறக்குறையச் சம வறுமையில், சமமாக நடக்க மறுக்கும் சாதி. மரியாதையே இங்கே போராட்டப் பொருளானது. பட்டாளத்திலிருந்து திரும்பிய இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 10 அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து உடைத்தவை தொலைக்காட்சிப் பெட்டிகளும் தானியக் குதிர்களும். வளைகுடா நாட்டுச் சம்பளத்தில் எழுந்த வீடுகள் அவை. கூலி கேட்டதற்காகப் படுகையில் எரித்தார்கள், கூலி தேவைப்படாத நிலைக்கு வந்ததற்காகத் தெற்கில் உடைத்தார்கள். தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் 2021இல் சட்டமானது. பட்டியலிலிருந்து வெளியேறும் கோரிக்கையில் நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மருதத்தின் உழவன் நான் என்று அவர்கள் கேட்பதில் ஒரு நில நினைவு இருக்கிறது. அதை எள்ளி ஒதுக்குபவர்களோடு நாம் சேர மாட்டோம்.

மலைகளுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. மாவட்ட வாரியாகப் பார்த்தால் திருவாரூர் முதலிடம், 34 விழுக்காடு. இரண்டாவது எது என்று மாணவர்களைக் கேட்டால் கடலூர், விழுப்புரம் என்பார்கள். நீலகிரி. 32 விழுக்காடு. நெல் வயலின் மாவட்டமும் தேயிலையின் மாவட்டமும் அருகருகே நிற்கின்றன. மலை நம்முடைய பூர்விகம் அல்ல. அது தோடருக்கும் குறும்பருக்கும் இருளருக்கும் உரியது. தோட்டக் கங்காணி சமவெளிச் சேரியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதால் வந்த கணக்கு இது. இன்னொரு கூட்டம் நீண்ட வழியில் வந்தது. இலங்கை மலையகத்துக்குப் போன தலைமுறைகளின் பிள்ளைகள், 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறக்கப்பட்டார்கள். சமவெளியில் சேரி, மலையில் லயன். வால்பாறையின் லயன்களை பி.எச். டேனியல் எழுதிய 'எரியும் பனிக்காடு' படிக்காத மாணவர்கள் படித்துவிடுங்கள்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலையின் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டார்கள். 1999 சூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தாமிரவருணிக்குள் விரட்டியது. 17 பேர். மலையில் பறித்த தேயிலைக்கான கணக்கு சமவெளியின் ஆற்றில் முடிந்தது. மேற்கே குத்தகை என்றால் கிழக்கு மலைகளில் வனத்துறை. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி, 1992 சூன் 20. தீர்ப்பு வர 2011 ஆனது. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அது பழங்குடி மக்களின் வரலாறு, அவர்கள் சொல்ல வேண்டியது. அருகே நின்றவர்கள் என்ற அளவில் மட்டும் இங்கே குறிக்கிறோம்.

குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 4 விழுக்காடுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் அந்த மண்ணின் கதை திருவிதாங்கூரின் கதை. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

கடற்கரையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். நெய்தல் என்றதும் மீனவர் நினைவு வரும். கடற்கரையிலிருந்து உள்ளே அரைக் கிலோமீட்டரில், உப்பளத்திலும் கடலோர வயலிலும் கூலி வேலை செய்யும் சேரிகள் நினைவுக்கு வருவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணக் கணக்கு எடுத்தபோதும் வரவில்லை. படகு இழந்தவருக்குப் படகு என்றார்கள். படகே இல்லாதவர் என்ன இழந்தார் என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. முகாமில் தண்ணீர்த் தொட்டியில் தொடக்கூடாது என்றார்கள், தனி முகாம் போட்டார்கள். நாங்கள் அந்த வாரங்களில் நாகைப் பகுதியில் அரிசி மூட்டை சுமந்தவர்கள். கடல் எல்லாரையும் சமமாக அடித்தது என்று அப்போது எழுதிய கவிதைகளைப் படிக்க எங்களால் முடியவில்லை.

எந்த மண்டலத்திலும் மாறாத ஒன்று மட்டும் உண்டு. சேரி பள்ளத்தில் இருக்கும். ஏரி உடைந்தால் தண்ணீர் போகும் வழியில், வாய்க்காலின் கடைமடையில், ஊரின் கழிவு வடியும் பக்கத்தில். புயல் என்றால் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பது நம் பிள்ளைகள்தான் என்பது இதனால்தான். மேடும் பள்ளமும் இயற்கை. பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்பது இயற்கை அல்ல. 2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில், மேட்டில் இருந்த வீட்டின் இருபதடிச் சுவர் மழையில் சரிந்து கீழே இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மேல் விழுந்தது. மழையால் நேர்ந்த இறப்பு என்று செய்தி வந்தது. உத்தப்புரத்துச் சுவருக்காவது 2008இல் ஒரு பகுதியை இடிக்க ஆள் வந்தார்கள்.

இந்த ஆண்டு நாம் எடுத்திருக்கும் வேலையைச் சொல்லி முடிக்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐந்து ஊர்களுக்குச் சேரியை மையமாக வைத்து வரைபடம் போடப்போகிறோம். சென்ற கோடையில் சோதனையாக மூன்று ஊர்களில் செய்தோம். ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டின் நகல் கேட்டு ஏழு முறை போனோம். எட்டாவது முறை பதிவேடு கரையான் அரித்துவிட்டது என்றார்கள். அந்த ஊரில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் எங்களை வாய்க்கால் வரப்பில் கூட்டிப்போய், எந்தப் புளியமரத்திலிருந்து எந்தக் கல் வரை பஞ்சமி நிலம் என்று காட்டினார். புல எண் அவருக்குத் தெரியாது. அதில் யார் யார் உழுதார்கள், எந்த ஆண்டு யார் பிடுங்கினார்கள் என்பது தெரியும்.

வருகிற மாணவர்கள் நான்கு விஷயங்களைக் கட்டாயம் கேட்டு எழுதி வர வேண்டும்: சேரியின் சுடுகாட்டுக்குப் போகும் பாதை யார் நிலத்தின் வழியாகப் போகிறது, குடிநீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, பெருமழையில் தண்ணீர் முதலில் எந்த வீட்டுக்குள் வரும், தரிசு என்று பதிவில் உள்ள நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது. வடக்கு மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் மே முதல் வாரத்துக்குள் புறப்பட வேண்டும். அதற்குப் பின் ஏரிக்கரையில் வெயில் தாங்காது. படுகைக்குப் போகிறவர்கள் சூன் 12க்கு முன் முடித்துவிடுங்கள். மேட்டூர் திறந்துவிட்டால் பேசுவதற்கு அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.